சுமை ஏறியது, சுமைதாங்கி போனது: பெருந்தொற்று மனதை என்ன செய்கிறது?

"கொரோனாவுக்கு அப்புறம் எல்லாருக்குமே டிப்ரஷன்தான்" என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். பையன் போனை விட்டு நிமிரவில்லை என்றால் கொரோனா டிப்ரஷன், மேலாளர் எரிந்து விழுந்தால் கொரோனா டிப்ரஷன், ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்கப் பிடிக்கவில்லை என்றாலும் அதுவேதான். அதே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னொருவர், "அதெல்லாம் ஒன்றுமில்லை, அம்மையும் காலராவும் பார்த்த ஊர் இது, மனதைரியம் இருந்தால் எதுவும் அண்டாது" என்பார். இந்த இரண்டு பேச்சையும் கேட்டுக் கேட்டு எனக்குக் கவலை வந்துவிட்டது. முதல் பேச்சில் எல்லோருமே நோயாளி, அதனால் உண்மையிலேயே நோய்ப்பட்டவர் கூட்டத்தில் காணாமல் போகிறார். இரண்டாவது பேச்சில் நோய் என்று ஒன்றே கிடையாது, அதனால் அவர் வாய் திறக்கவே கூசுகிறார்.

நான் மனநல மருத்துவர் இல்லை. இந்த விஷயத்தைத் தேடிப் படித்து, என் குடும்பத்திலேயே பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டவன். புதிதாகப் படிக்கிறவருக்கும் பிடிபடுகிற மாதிரி, அடியிலிருந்து சொல்லப் பார்க்கிறேன்.

சாலையோரத்துக் கல்

பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, தலை உயரத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருப்பார்கள். விறகுக்கட்டோ நெல்மூட்டையோ தலையில் சுமந்து வருகிறவர், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் சுமையை அதன்மேல் தள்ளி வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு நடக்கலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இந்தக் கல்லை நடும் வழக்கம் இருந்தது. சுமையை இறக்காமலே போய்விட்டவளுக்காக, ஊராருக்குச் சுமை இறக்க ஓர் இடம்.

மனதுக்கும் இப்படிக் கற்கள் உண்டு, நாம்தான் கவனிப்பதில்லை. காலையில் டீக்கடையில் நின்று பேசும் பத்து நிமிடம், பிள்ளையைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு மற்ற அம்மாக்களோடு புலம்பும் ஐந்து நிமிடம், வெள்ளிக்கிழமைத் தொழுகை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, பிரதோஷக் கூட்டம், கல்யாண வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே கொட்டித் தீர்க்கும் பேச்சு. இவற்றில் எதுவும் கடனை அடைக்காது, நோயையும் தீர்க்காது. ஆனால் சுமையைக் கொஞ்ச நேரம் இறக்கி வைக்கலாம், அதனால்தான் அடுத்த மைல் நடக்க முடிந்தது.

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு நாடு முழுவதற்குமான ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, நள்ளிரவிலிருந்தே நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடந்தன. சுமை ஏறியது: நோய் பயம், வேலை பயம், வாடகை, பிள்ளையின் படிப்பு, மாத்திரை தீர்ந்துபோன அப்பா. கூடவே, வழியில் இருந்த சுமைதாங்கிகள் எல்லாம் ஒரே இரவில் பிடுங்கப்பட்டன. பெருந்தொற்று மனதை வருத்தியது என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பாதியைத்தான் சொல்கிறார்கள். இரண்டாவது பாதியைச் சேர்க்காவிட்டால் கணக்கு சரியாக வராது.

இதைப் புரிந்துகொள்ள 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும் 2015 சென்னை வெள்ளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அவையும் பேரிடர்கள்தான், கொடூரமானவைதான். ஆனால் அப்போது மனிதர்கள் ஒருவரை நோக்கி ஒருவர் ஓடினார்கள். முன்பின் தெரியாதவர் படகில் ஏற்றினார், மண்டபத்தில் யாரோ சமைத்தார்கள், அழுதவரை யாரோ கட்டிக்கொண்டார்கள். பெருந்தொற்றில் பக்கத்து வீட்டுக்காரரே ஆபத்தாகிவிட்டார். ஆறுதல் தரும் கையும் நோய் தரும் கையும் ஒரே கை.

இதுவரை பார்த்தது: மனம் உடைவதைச் சுமையின் எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. இறக்கி வைக்க இடம் இருக்கிறதா என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. பெருந்தொற்று இரண்டு பக்கமும் அடித்தது.

அணைக்காமல் விட்ட மோட்டார்

சரி, மனம் வருந்தினால் உடம்பு ஏன் கெடுகிறது? தூக்கம் ஏன் போகிறது?

இரவில் தெருவில் நடந்து வருகிறீர்கள், ஒரு நாய் உறுமிக்கொண்டு வருகிறது என்று வையுங்கள். யோசிப்பதற்கு முன்பே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கை வியர்க்கிறது, கால் ஓடத் தயாராகிறது. மூளையின் உட்பகுதியில் பாதாம்பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதிதான் இந்த ஆபத்து மணியை அடிக்கிறது. மணி அடித்ததும் சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளிலிருந்து இரண்டு பொருட்கள் ரத்தத்தில் கலக்கின்றன. ஒன்று அட்ரினலின், நொடியில் உடம்பை உசுப்பிவிடுவது. இன்னொன்று கார்ட்டிசால், கொஞ்சம் மெதுவாக வந்து, கூடுதல் நேரம் நின்று, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி உடம்பை விழிப்பாகவே வைத்திருப்பது.

இந்த ஏற்பாட்டை வீட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரோடு ஒப்பிடலாம். தண்ணீர் தேவைப்படும்போது ஓட வேண்டும், தொட்டி நிறைந்ததும் மிதவை எழும்பி மோட்டாரை நிறுத்த வேண்டும். நம் உடம்பில் அந்த மிதவை வேலையையும் கார்ட்டிசாலே செய்கிறது, அதுதான் இதில் அழகு. அளவு கூடியதும் அதுவே மூளைக்குப் போய் "போதும், நிறுத்து" என்று சொல்கிறது. நாய் வேறு பக்கம் திரும்பிப் போய்விடும், நீங்கள் வீட்டுக்குள் வந்து தண்ணீர் குடிப்பீர்கள், கொஞ்ச நேரத்தில் நெஞ்சு பழைய தாளத்துக்கு வந்துவிடும்.

இப்போது 2020க்கு வாருங்கள். நாய் எங்கே இருக்கிறது? பால் பாக்கெட்டில் இருக்கலாம், லிஃப்ட் பொத்தானில் இருக்கலாம், கணவரின் சட்டையில் இருக்கலாம், பேரனின் முத்தத்தில் இருக்கலாம். யாருக்குப் போன் போட்டாலும் முதலில் ஓர் இருமல் சத்தம் வந்ததே, நினைவிருக்கிறதா? நல்ல எண்ணத்தில் வைத்த எச்சரிக்கைதான், ஆனால் ஒவ்வொரு அழைப்பிலும் ஆபத்து மணியை ஒருமுறை ஆட்டிவிட்டே பேச விட்டது. மாலையானால் இன்றைக்கு எத்தனை பேர், எந்த மாவட்டம் என்ற பட்டியல். அதற்கு நடுவே வாட்ஸ்அப்பில் வந்த பொய்யும் மெய்யும். பொய்த் தகவல் நோயைப் போலவே பரவுவதைத் தகவல்தொற்று என்ற பொருள்படும் ஒரு பெயரிலேயே உலக சுகாதார நிறுவனம் குறிப்பிட்டது.

இதில் நிச்சயமின்மை தனியாக ஒரு வேலை செய்கிறது. பரீட்சையில் தோற்றுவிட்டோம் என்று தெரிந்துவிட்டால் அழுதுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். முடிவு எப்போது வரும் என்றே தெரியாவிட்டால் மோட்டாரை நிறுத்த மூளைக்கு ஒரு காரணமும் கிடைப்பதில்லை. ஊரடங்கு முதலில் 21 நாள் என்றார்கள், ஏப்ரல் 14 வந்தது, அது மே 3 ஆனது, பிறகு மே 17, பிறகு மே 31. நோய்த்தடுப்புக்கு அது தேவையாக இருந்திருக்கலாம், அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் கோட்டை எட்டும்போதெல்லாம் கோடே தள்ளிப் போனால், ஓடுகிறவரின் உடம்பு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாதக்கணக்கில் ஓடும் மோட்டார் சூடாகும். தூக்கம் கலையும், சின்னச் சின்னது மறக்கும், பிள்ளை பேனாவைத் தொலைத்ததற்குப் பெரிய சண்டை வரும், வயிறு கெடும், சர்க்கரை ஏறும். இதைத்தான் நாள்பட்ட மனஅழுத்தம் என்கிறோம். சிலருக்கு மிதவையே பழுதாகிவிடும். மனச்சோர்வு நோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குக் கார்ட்டிசாலின் "போதும்" என்ற சொல்லை மூளை சரியாகக் கேட்பதில்லை என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். "தைரியமாக இரு" என்று அவரிடம் சொல்வது, மிதவை உடைந்த மோட்டாரைப் பார்த்து நின்றுவிடு என்று சொல்வதைப் போன்றது.

கிருமி நேராகவும் தொடுகிறது

இது சுருக்கமாக. காய்ச்சல் வந்தால் யாரோடும் பேசப் பிடிக்காமல் போர்வைக்குள் சுருண்டுகொள்கிறோம் அல்லவா, அதைச் செய்வது கிருமி மட்டுமல்ல. கிருமியோடு சண்டை போடும் நம் எதிர்ப்புச் சக்தி, ரத்தத்தில் சில தூதுப் பொருட்களை அனுப்பி, "படு, நடமாடாதே, யாரையும் சேர்க்காதே" என்று மூளைக்குச் சொல்கிறது. சாதாரணக் காய்ச்சலில் இரண்டு மூன்று நாளில் இந்தக் கட்டளை விலகிவிடும். கொரோனா வந்த சிலருக்கு அழற்சி நீண்டுபோனது, அதோடு சோர்வும் மந்தமும் மாதக்கணக்கில் தங்கியது. 2021இல் வெளியான ஓர் ஆய்வில், கொரோனா வந்து தேறிய 2,36,000க்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் மூன்றில் ஒரு பங்கினருக்கு நரம்பு அல்லது மனம் சார்ந்த ஏதாவது ஒரு பாதிப்பு பதிவாகியிருந்தது. அவர்களில் பலருக்கு அது ஏற்கெனவே இருந்ததுதான். இருந்தாலும், சாதாரண ஃப்ளூ வந்தவர்களோடு ஒப்பிட்டபோது கொரோனா வந்தவர்களிடம் அது கூடுதலாகவே இருந்தது.

ஆக, "எல்லாம் உன் நினைப்பு" என்று சொல்லிவிட முடியாத ஒரு பங்கு இதில் உண்டு. உடம்பு வழியாகவே மனதுக்குப் போகும் பாதை அது.

நடந்த களைப்பும் முறிந்த எலும்பும்

பழனிக்குப் பாதயாத்திரை போய் வந்தவருக்குக் கால் வலிக்கும். வலிக்காவிட்டால்தான் ஆச்சரியம். இரண்டு நாள் வெந்நீர், எண்ணெய், ஓய்வு, அப்புறம் சரியாகிவிடும். அதே கூட்டத்தில் ஒருவருக்கு வழியில் எலும்பே விரிசல் விட்டிருக்கும். அவருக்கும் கால்வலி என்றுதான் பெயர், ஆனால் எண்ணெய் தேய்த்தால் தீராது.

பெருந்தொற்றில் பயந்ததும், அழுததும், எரிச்சல்பட்டதும், தூக்கம் கெட்டதும் நடந்த களைப்பு. இதை மனஉளைச்சல் என்போம். அசாதாரணமான காலத்துக்கு மனம் கொடுத்த சாதாரணமான பதில் அது. பல நாடுகளில் மக்களைத் தொடர்ந்து கேட்டுவந்த ஆய்வுகள், 2020 மார்ச், ஏப்ரலில் ஏறிய இந்த உளைச்சல், சில மாதங்களில் பெரும்பாலோருக்கு இறங்கத் தொடங்கியதைக் காட்டின. இது நல்ல செய்தி, இதை மறைக்கவே கூடாது. மனிதர்கள் தாங்குகிறார்கள், தேறுகிறார்கள்.

மனச்சோர்வு நோய் வேறு. நாளின் பெரும்பகுதி, கிட்டத்தட்ட தினமும், குறைந்தது இரண்டு வாரம் மனம் கீழேயே கிடக்கும், அல்லது பிடித்த எதிலும் பிடிப்பு இருக்காது. கூடவே தூக்கம், பசி மாறும், உடம்பு அசந்துபோகும், நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் அரிக்கும், சிலருக்குச் சாவைப் பற்றிய நினைப்பு வரும். வேலை, சமையல், குளியல் என்று அன்றாடம் தடுமாறும். மனப்பதற்ற நோய் என்பது, ஆபத்து போன பிறகும் மணி நிற்காமல் அடிப்பது. கவலையை நிறுத்தவே முடியாது, நெஞ்சு படபடக்கும், வீட்டை விட்டு வெளியே போகவே தயங்குவார்கள். நம் ஊரில் இந்த இரண்டும் பெரும்பாலும் உடம்பின் மொழியில்தான் வரும் என்பதைக் கவனிக்க வேண்டும். "மனசு சரியில்லை" என்று யாரும் மருத்துவரிடம் போவதில்லை. "உடம்பெல்லாம் அசதி, தலை பாரம், நெஞ்சில் என்னமோ பண்ணுது" என்று போய், ஈசிஜி எடுத்து, ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டு, ஒன்றுமில்லாததற்கு இப்படி இருக்கிறோமே என்று இன்னும் நொந்துபோய்த் திரும்புவார்கள்.

எத்தனை பேர் நோய் என்ற கோட்டைத் தாண்டினார்கள்? இங்கேதான் பெரிய குழப்பம் நடந்தது. 2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம், பெருந்தொற்றின் முதல் ஆண்டில் மனச்சோர்வும் மனப்பதற்றமும் உலக அளவில் 25 சதவீதம் கூடின என்று சொன்னது. இது கைமாறிக் கைமாறி, "நாலு பேரில் ஒருத்தருக்கு மனநோய்" என்று ஆகிவிட்டது. அது சொன்ன பொருள் அதுவல்ல. முன்பு இருந்த அளவில் கால் பங்கு கூடியது என்பதுதான் பொருள். மனப்பதற்ற நோயை எடுத்துக்கொண்டால், ஒரு லட்சம் பேரில் சுமார் 3,800 பேருக்கு இருந்திருக்க வேண்டிய இடத்தில் சுமார் 4,800 பேருக்கு இருந்தது என்பது மதிப்பீடு. நூற்றுக்கு நாலாக இருந்தது ஐந்தாயிற்று. சின்ன மாற்றம்போலத் தெரிகிறது, ஆனால் உலகம் முழுக்கப் பெருக்கிப் பாருங்கள்: 2020 என்ற ஒரே ஆண்டில் கூடுதலாக 7.6 கோடி பேருக்கு மனப்பதற்றம், 5.3 கோடி பேருக்குக் கடும் மனச்சோர்வு. இவை கணக்கிட்டு வந்த மதிப்பீடுகள், வீடுவீடாக எண்ணியவை அல்ல.

இங்கே நிறுத்தி ஒருமுறை: பெரும்பாலோருக்கு வந்தது மனஉளைச்சல், அது பெரும்பாலும் தணிந்தது. ஒரு சிறு பங்கினருக்கு வந்தது நோய், அந்தச் சிறு பங்கு என்பதே கோடிக்கணக்கான மனிதர்கள்.

எல்லோருக்கும் ஒரே மழை பெய்யவில்லை

மாவட்டத்தின் சராசரி மழையைச் சொன்னால், எந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது என்று தெரியாது. சராசரிக் கணக்கில் மறைந்தவர்களைத் தேடிப் பார்க்க வேண்டும்.

பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் பாதிப்பு கூடுதல் என்பது அந்த உலக மதிப்பீட்டிலேயே தெரிந்தது. காரணம் தேட மூளைக்குள் போக வேண்டியதில்லை, அடுப்படிக்குப் போனால் போதும். எல்லோரும் வீட்டிலேயே இருந்தார்கள், மூன்று வேளை சமையல், பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு, மாமியாருக்கு மருந்து, இதற்கு நடுவே அவளுடைய வேலை. அடிக்கிற கணவனோடு ஒரே அறையில் அடைபட்டவளுக்கு ஊரடங்கு என்ன பொருள் தந்திருக்கும் என்று நான் விரித்துச் சொல்ல வேண்டாம்.

தமிழ்நாட்டில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரைப் பிள்ளைகளுக்கு 2020 மார்ச்சில் மூடிய பள்ளி 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. ஒன்றாம் வகுப்பு முடிக்கும் சமயத்தில் வீட்டுக்குப் போன குழந்தை மூன்றாம் வகுப்பில்தான் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தது. எழுத்து மறந்ததைப் பற்றி நிறையப் பேசினோம், இல்லம் தேடிக் கல்வி போன்ற நல்ல முயற்சிகளும் வந்தன. ஆனால் சண்டை போட்டு, காய் விட்டு, மறுநாள் பழம் விட்டுச் சேர்ந்துகொள்ளக் கற்கும் வயது அது. தன் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில்தான் ஒரு குழந்தை தன்னைத் தெரிந்துகொள்கிறது. அந்தக் கணக்கைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவேயில்லை என்பது என் ஆதங்கம்.

மதுக்கடைகள் மூடியபோது, "நல்லதுதானே" என்றார்கள். பல வீடுகளுக்கு அது நிம்மதியாகவும் இருந்திருக்கும். ஆனால் வருடக்கணக்காகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தும்போது உடம்பு நடுங்கி, வலிப்பு வந்து, இல்லாததெல்லாம் கண்ணில் தெரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்த வேண்டிய ஒன்று ஒரே நாளில் லட்சக்கணக்கானோருக்கு நின்றது.

தற்கொலை பற்றிக் கவனமாகப் பேச வேண்டும். பெருந்தொற்று தொடங்கியதும் உலகெங்கும் தற்கொலைகள் குவிந்தன என்று பலர் நம்புகிறார்கள். அப்படி நடக்கவில்லை. 21 நாடுகளின் தரவுகளைப் பார்த்த ஆய்வில், முதல் சில மாதங்களில் பொதுவாக உயர்வு தெரியவில்லை. ஜப்பானில் முதலில் குறைந்து, 2020 ஜூலையிலிருந்து, முக்கியமாகப் பெண்களிடம், கூடியது. இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2019இல் 1,39,123, 2020இல் 1,53,052, 2021இல் 1,64,033. இறந்தவர்களில் நாலில் ஒரு பங்குக்குப் பக்கம் தினக்கூலிகள். இந்த உயர்வு முழுவதையும் கொரோனாவின் தலையில் வைக்க முடியாது, ஒரு தற்கொலைக்குப் பின்னால் ஒரே காரணம் இருப்பது அரிது. ஆனால் கூலி நின்றுபோன வீட்டில் மன தைரியத்தைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமில்லை. மனநலத்தில் ஒரு பங்கு ரேஷன் அரிசியிலும் வாடகையிலும் இருக்கிறது.

விசாரிக்கப்படாத துக்கம்

எனக்கு இந்தக் கட்டுரையை எழுதவே தூண்டியது இந்தப் பகுதிதான்.

2021 மே மாதம், இரண்டாம் அலை. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 35,000 பேருக்கு மேல் தொற்று உறுதியான நாட்கள் அவை. என் பெரியப்பாவுக்கு ஆக்சிஜன் படுக்கை கிடைத்துவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஒன்பதாம் நாள் இறந்தார். பெரியம்மாவுக்கும் தொற்று என்பதால் வீட்டை விட்டு வர முடியவில்லை. அண்ணன் ஒருவர் மட்டும் கவச உடையில் நின்று எரித்துவிட்டு வந்தார். முகம் பார்க்கவில்லை. கோடி போடவில்லை. ஒரு பாலித்தீன் பையில் அவருடைய மூக்குக்கண்ணாடியும் போனும் வந்தன. பதினாறாம் நாளைக்கு வீட்டில் மூன்று பேர். உறவுக்காரர்கள் போனில் கேட்டார்கள், கேட்காமல் இல்லை, ஆனால் எல்லோருடைய வீட்டிலும் யாரோ படுத்திருந்தார்கள், "உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று வைத்துவிட்டார்கள். பெரியம்மா அந்தப் போனை சார்ஜரில் போட்டார். தினமும் போட்டார்.

நம் வழக்கத்தில் சாவு வீட்டுக்கு ஏன் அத்தனை பேர் போகிறோம்? துக்கம் விசாரிப்பது என்பது பார்வைக்குச் சடங்கு. நடப்பது என்ன என்று கவனியுங்கள். ஒருவர் வருவார், "எப்படி ஆச்சு?" என்பார். இறந்தவரின் மனைவி முதலிலிருந்து சொல்வார்: ராத்திரி சாப்பிட்டார், நெஞ்சு கரிக்கிறது என்றார், நான் சோடா வாங்கிவரச் சொன்னேன். அழுவார். அடுத்தவர் வருவார், மறுபடி முதலிலிருந்து. நாற்பது ஐம்பது தடவை. சொல்லச் சொல்ல, தாறுமாறாகக் கிடந்த அந்த இரவு ஒரு வரிசைக்கு வரும். "நான் வேறு ஏதாவது செய்திருக்கலாமோ" என்று அவர் கேட்பார், ஐம்பது பேரும் "உன் கையில் என்ன இருக்கு" என்பார்கள். ஒப்பாரி வைத்த பெண்கள் அழுகைக்கு ஒரு தாளத்தையும் துணையையும் கொடுத்தார்கள். இன்றைக்குத் தீராத துக்கத்துக்குத் தரப்படும் உளவியல் சிகிச்சையில் ஒரு முக்கியமான பகுதி, இறப்பு நடந்த கதையைப் பாதுகாப்பான ஒருவரிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதுதான் என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பெருந்தொற்றில் இந்தச் சுமைதாங்கி முழுதாகப் போனது. முகம் பார்க்காததால், போய்விட்டார் என்பதை மனம் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. கதை சொல்லாததால் அந்த இரவு வரிசைக்கு வரவில்லை. தொற்று என்பதால் அக்கம்பக்கத்தார் ஜன்னலைச் சாத்தினார்கள், துக்கத்தோடு அவமானமும் சேர்ந்தது. சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்ய விடாமல் கல்லெறிந்தது 2020 ஏப்ரலில் நடந்தது, அந்தக் குடும்பம் அந்த இரவை எங்கே கொண்டுபோய் இறக்கி வைக்கும்?

பெரும்பாலோருக்குத் துக்கம் காலத்தோடு கரையும். சிலருக்குக் கரைவதில்லை. ஆறு மாதத்துக்கு மேலும், நம் சமூக வழக்கத்தில் எதிர்பார்ப்பதைவிட அதிக காலம், அன்றாடம் நடக்க முடியாத அளவுக்கு ஏக்கமும் வலியும் அப்படியே நின்றால் அதற்கு நீடித்த துயரம் என்று பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப்பட்டியல் இதைத் தனி நோயாகவே சேர்த்திருக்கிறது, அந்தப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இது மனச்சோர்வோடு சேர்ந்து வரலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மனச்சோர்வில் எதுவுமே வேண்டாம் என்றாகிவிடும். நீடித்த துயரத்தில் ஒரே ஒருவர் வேண்டும், அவர் வரமாட்டார்.

சுருக்கமாக: துக்கம் நோயல்ல. சொல்ல விடாமல், அழ விடாமல், பார்க்க விடாமல் அடைத்த துக்கம் சிலருக்கு நோயாகிறது. 2020, 2021இல் அப்படி அடைபட்ட வீடுகள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள், 2023 மே 5ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்ததால் அந்த வீடுகளில் எதுவும் முடிந்துவிடவில்லை.

இப்போது போகக்கூடிய இடங்கள்

பெருந்தொற்றுக்கு முன்பே நிலைமை நன்றாக இல்லை. பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரும்பாலான மனநோய்களுக்கு நூற்றுக்கு 70 பேருக்கு மேல் சிகிச்சை பெறாமலே இருந்தார்கள். அந்தப் பழைய ஓட்டையில்தான் புது வெள்ளம் புகுந்தது.

ஆனாலும் வழி இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம். இது மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. தமிழ்நாட்டில் இதை நட்புடன் உங்களோடு என்ற பெயரில் நடத்துகிறார்கள், தமிழிலேயே பேசலாம். 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ சாவைப் பற்றிய எண்ணம் வருகிறது என்றால் இரண்டு வாரமெல்லாம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், இன்றே பேசுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைப் போலீஸ் கேஸ் என்று பயமுறுத்துகிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை கொடுக்க வேண்டும் என்கிறது.

மாத்திரை என்றாலே பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மனச்சோர்வுக்கான மருந்துகள் போதை மருந்துகள் அல்ல. வேலை செய்யத் தொடங்கச் சில வாரம் ஆகும், அதற்குள் "ஒன்றும் கேட்கவில்லை" என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். எல்லோருக்கும் மாத்திரை தேவையும் இல்லை, பலருக்குப் பேச்சு வழிச் சிகிச்சையே போதும்.

பக்கத்தில் இருக்கிறவர் செய்யக்கூடியது பெரிய வித்தை இல்லை. அந்த நாட்களில் யாரையாவது இழந்த வீடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொரோனாவுக்கு இத்தனை வருடம் ஆயிற்றே, இப்போது போய்க் கேட்டால் புண்ணைக் கிளறினதாக ஆகாதா என்று தயங்குவீர்கள். நானும் தயங்கினேன்.

2023இல் ஒரு வளைகாப்பில், தூரத்து உறவில் சித்தி முறையாகிற ஒருவர் பெரியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வளையல் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "அக்கா, நான் அப்ப வரவே முடியல. மாமாவுக்கு எப்படி ஆச்சு?" என்று கேட்டார். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் காய்ச்சல் வந்த முதல் சாயங்காலத்திலிருந்து ஆரம்பித்தார். ரசம் வைத்ததிலிருந்து, ஆம்புலன்சில் ஏறும்போது அவர் கையை ஆட்டியதிலிருந்து, எதையும் விடாமல் ஒன்றரை மணி நேரம். சித்தி குறுக்கே எதுவும் சொல்லவில்லை, "அப்புறம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் அந்தக் கதையை அதுவரை முழுதாகக் கேட்டதில்லை.

அந்த மாதமே பெரியம்மா அண்ணனிடம், "ரெண்டு வருஷமா எனக்குத் தூக்கமே இல்லடா, யாராவது டாக்டரைப் பார்க்கலாமா?" என்று கேட்டார். இப்போது அரசு மருத்துவமனைக்குப் போய் வருகிறார், மாத்திரை அளவைக் குறைத்திருக்கிறார்கள், பேரப்பிள்ளைகளுக்கு அதிரசம் சுட்டுக் கொடுக்கிறார். போன் இன்னும் சார்ஜரில்தான் இருக்கிறது.